பேய் வலைகளும் சேற்று நண்டுகளும்: தாணே கழியில் கணக்கில் ஏறாத சாவு

2024 மே 20 இரவு காட்கோபர் கிழக்கின் பந்த்நகர்ப் பகுதியில் வானத்திலிருந்து பூநாரைகள் செத்து விழுந்தன. தரையிறங்க வந்துகொண்டிருந்த பயணிகள் விமானம் ஒன்று பறவைக் கூட்டத்தில் மோதியதால் ஏறக்குறைய 40 பறவைகள் மாண்டன. மறுநாள் நாடெங்கும் அது செய்தியாயிற்று. வனத்துறை வந்தது, தொலைக்காட்சிகள் வந்தன, பறவைகளின் பாதை ஏன் மாறியது என்ற விவாதம் சில வாரங்கள் நீடித்தது. அது நியாயமான விவாதமே. ஆனால் அந்தப் பறவைகள் இரை தேடிய அதே சேற்றில் ஆண்டு முழுவதும் ஓசையின்றி நடந்துவரும் இன்னொரு சாவைப் பற்றி எவரும் பேசவில்லை. கைவிடப்பட்டும் அறுந்தும் தொலைந்தும் போன வலைகளிலும் கூண்டுகளிலும் சிக்கி நண்டுகள் சாகின்றன. நண்டு வானத்திலிருந்து விழுவதில்லை. ஆகவே அது செய்தியும் ஆவதில்லை.

கிழக்கு விரைவுச் சாலையைத் தாண்டினால் காட்கோபரின் கிழக்கு எல்லை அலையாத்திக் காடு. அதற்கு அப்பால் தாணே கழி. உல்லாஸ் ஆற்றின் கிளையையும் மும்பைத் துறைமுகக் கடலையும் இணைக்கும் இந்த உவர்நீர்ப் பரப்பு ஏறக்குறைய 26 கிலோமீட்டர் நீளமுடையது. 2015இல் இதன் 1,690 ஹெக்டேர் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 6,521 ஹெக்டேர் பரப்பு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கரையெங்கும் கோலி மீனவர்களின் பழைய ஊர்கள் உள்ளன: மாஹுல், டிராம்பே, வாஷி, திவா, ஐரோலி. அவற்றுக்கு நடுவிலும் பின்னாலும் நகரத்தின் உழைப்பாளர் குடியிருப்புகள். காட்கோபரின் மாதா ரமாபாய் அம்பேத்கர் நகர், அதையொட்டிய காமராஜ் நகர், தெற்கே மான்குர்து, கோவண்டி. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், ஜனதா காலனியை இடித்துத் தள்ளி அங்கிருந்த தமிழரையும் பிறரையும் கொண்டுபோய்க் கொட்டிய சீதா கேம்ப் இருப்பதும் இந்தக் கழியின் ஓரத்திலேயே. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கொதிக்கும் நண்டு பெரும்பாலும் கோலிப் பெண்களின் கூடையிலிருந்து வந்தது. மராத்தியில் அதற்குச் சிம்போரி என்று பெயர்.

சேற்று நண்டு அலையாத்தி வேர்களுக்கிடையில் வளை தோண்டி வாழ்வது. நீரை விட்டு எடுத்த பின்னும் சில நாள் உயிரோடிருக்கும் தன்மையால்தான் கயிற்றால் கட்டி உயிருடன் விற்கப்படுகிறது. அதன் உறவான சிறு நண்டுகள் அலையாத்தியின் உதிர்ந்த இலைகளைத் தின்று மண்ணுக்கு உரமாக்குகின்றன. அவை தோண்டும் வளைகள் வழியே காற்றும் நீரும் புகுவதால் மூச்சுமுட்டும் சேற்றில் வேர்கள் பிழைக்கின்றன. இந்தச் சிற்றுயிர்கள் இல்லையெனில் அலையாத்தி நலியும். அலையாத்தி நலிந்தால் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில் இல்லை. 2005இல் மும்பை உயர்நீதிமன்றம் அலையாத்திகளை வெட்டத் தடை விதித்ததும், 2018இல் அத்தடையை விரிவான தீர்ப்பாக உறுதிப்படுத்தியதும் மரத்தைக் காக்கவே. அம்மரத்தின் காலடியில் உழைக்கும் உயிருக்கு அப்படியொரு காவல் கிடைக்கவில்லை.

வலை தொலைந்த பின் நடப்பது என்ன என்பதைப் புரிந்துகொள்ள மீனையும் நண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். செவுள் வலை நீரில் சுவர்போல் நிற்கும்வரை மீனைப் பிடிக்கும். அறுந்து தொலைந்தபின் மீன்கள் சிக்கி எடை கூடி, பாசியும் சேறும் படிந்து வலை சரிந்து தரையில் படுத்துவிடும். அதன்பின் மீனுக்கு அபாயம் வேகமாகக் குறைகிறது. நண்டுக்கு அபாயம் அப்போதுதான் தொடங்குகிறது. தரையில் ஊர்ந்து வரும் நண்டு, வலைக் குவியலில் அழுகும் மீனின் வாடைக்கு வருகிறது. ஓட்டின் முட்களும் கால் மூட்டுகளும் இழையில் மாட்டுகின்றன. திமிறத் திமிறச் சுற்றல் இறுகுகிறது. சில நண்டுகள் காலைத் தாமே கழற்றி எறிந்துவிட்டுத் தப்புகின்றன. அப்படித் தப்பியது இரை பிடிக்க இயலாமல் மெலிகிறது. தப்பாதது செத்து, அடுத்த நண்டுக்கு இரையாகிறது. இரை தேடி வந்ததும் மாட்டிக்கொள்கிறது. 1990களில் வேல்ஸ் கரையோரத்தில் வேண்டுமென்றே விடப்பட்ட வலைகளைக் கடல் உயிரியலாளர்கள் கண்காணித்தபோது இதே வரிசையைத்தான் கண்டனர். மீன் சிக்குவது விரைவில் குறைந்தது. நண்டு முதலிய ஓட்டுடலிகள் சிக்குவது கூடிற்று. ஒன்பது மாதம் கழித்தும் அது நிற்கவில்லை.

கூண்டு இன்னும் கொடியது. உள்ளே போவதற்கு வழியும் வெளியேறுவதற்கு வழியின்மையும்தான் நண்டுக்கூண்டின் இலக்கணம். மிதவைக் கயிறு அறுந்தால் உரிமையாளருக்கு அது தொலைந்துபோன பொருள். நண்டுக்கு அது தொலையாமல் அங்கேயே கிடக்கிறது. உள்ளே பசியில் சாகும் நண்டே புதிய இரை. கம்பியும் நெகிழியும் சிதையும்வரை இச்சுழற்சி தானாக ஓடும். கூலி கேட்காமல், விடுமுறை இல்லாமல், யாருக்கும் லாபம் இல்லாமல்.

இதில் பெண் நண்டின் நிலை தனியாகச் சொல்லத்தக்கது. இனச்சேர்க்கைக்குப் பின் முட்டையிடும் காலத்தில் சேற்று நண்டின் பெண் கழியை விட்டுக் கடலை நோக்கிப் பயணிக்கிறது. ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் முட்டைகளைச் சுமப்பது. கழிவாயில் தரையில் கிடக்கும் வலைக் குவியல் ஒன்று தடுக்குமானால் சாவது ஒரு நண்டு மட்டுமன்று. தோலுரித்துப் புதிய ஓடு இன்னும் இறுகாத நேரத்தில் எந்த நண்டும் பலவீனமானது. அப்போது ஓர் இழையில் மாட்டினாலும் மீளாது.

உலக அளவில் இதன் பரிமாணம் 2022இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. ஆண்டுதோறும் மொத்த மீன்பிடி சாதனங்களில் ஏறக்குறைய 2 விழுக்காடு கடலில் தொலைகிறது. செவுள் வலை மட்டும் 2,963 சதுர கிலோமீட்டர். கூண்டுகளும் பொறிகளும் 2 கோடியே 50 லட்சத்துக்கு மேல். ஐந்து கண்டங்களின் கடலிலும் நடக்கும் இந்தக் கொலைக்கு ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது: பேய் மீன்பிடி. ஆனால் பேய் என்று பெயரிட்டவுடன் அதற்கு முதலாளி இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

வலையைத் தொலைப்பவர் யார்?

நகரத்து நடுத்தர வர்க்கப் பேச்சில் விடை ஆயத்தமாக உள்ளது: மீனவரின் பொறுப்பின்மை. கடற்கரைத் துப்புரவு நாளில் வலைத் துண்டைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கும் பெருநிறுவன அதிகாரிகளும் இதையே சொல்வர். ஒரு செவுள் வலையின் விலை சிறு மீனவனுக்குப் பல நாள் வருமானம். பெரும்பாலும் வியாபாரியிடமோ கந்துவட்டிக்காரரிடமோ வாங்கிய கடன். அதை வேண்டுமென்றே கடலில் எறிபவன் எவனும் இல்லை. வலை தொலைவது பெரும்பாலும் வேறொருவரின் வேகத்தாலும் வேறொருவரின் குப்பையாலும். கப்பலும் சரக்குப் படகும் கடக்கும் பாதையில் வலை அறுகிறது. தூர்வாரும் இயந்திரம் மிதவைக் கயிற்றைப் பார்ப்பதில்லை. இழுவை மடி கட்டிய விசைப்படகு ஓடும் இடத்தில் தரையில் நிறுத்திய வலை தப்புவதில்லை.

பாக் நீரிணை இதற்குத் துயரமான சான்று. நீலக்கால் நண்டுக்காகத் தரையில் வலை நிறுத்தும் நாட்டுப்படகு மீனவர் இரு கரையிலும் உள்ளனர். இராமேசுவரம் தீவிலும் தங்கச்சிமடத்திலும் நண்டு வலை எடுக்கும் சிறு மீனவனும், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதே தொழில் செய்யும் ஈழத் தமிழ் மீனவனும் ஒரே வகை இழப்பைச் சந்திக்கின்றனர்: இழுவைப் படகு இரவில் கடந்தால் காலையில் வலை இல்லை. அறுந்த வலையின் பாதி படகோடு போகும், பாதி கடலடியில் நண்டு பிடித்துக்கொண்டிருக்கும். 1983இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 3 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகளைத் தடுத்தது. நாட்டுப்படகுக்கு நான்கு நாள், விசைப்படகுக்கு மூன்று நாள் என்ற ஏற்பாடும் உண்டு. இலங்கை நாடாளுமன்றம் 2017இல் இழுவை மீன்பிடியையே தடை செய்தது. சட்டங்கள் இருந்தும் வலைகள் அறுவது தொடர்கிறது. காரணம், இழுவைப் படகில் முதலீடு போட்டவர் ஒருவர், அதில் கூலிக்குப் போய்ச் சிறைப்படுபவர் வேறொருவர், வலை இழப்பவர் மூன்றாமவர். இதைத் தமிழக மீனவர் எதிர் இலங்கை மீனவர் என்று மட்டும் சித்திரிப்பவர்கள் இந்த மூவரையும் ஒருவராகக் குழப்புகின்றனர்.

தாணே கழியில் கூடுதலாக இன்னொரு காரணம் வேலை செய்கிறது. அது நகரத்தின் கழிவு. கிழக்குக் கரையில் தாணே–பேலாப்பூர் தொழிற்பேட்டை, மேற்குக் கரையில் மாஹுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், 1927 முதல் குப்பை கொட்டப்படும் தேவ்னார் மேடு. காட்கோபரின் கழிவுநீர்ப் பண்ணையும் இக்கழியோரமே. மும்பையின் ஏழு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நாளொன்றுக்கு 2,464 மில்லியன் லிட்டர் திறனுக்குப் புதுப்பிக்க 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதில் காட்கோபரின் பங்கு 337 மில்லியன் லிட்டர். இத்தனை காலம் அரைகுறையாகச் சுத்தம் செய்த நீர் எங்கே போயிற்று என்பதை வலை இழுப்பவர் அறிவர். மீனைவிட நெகிழிப் பைகள் நிறையும் வலை, நீரோட்டத்தின் இழுப்பைத் தாங்காமல் கிழியும், கம்பத்தோடு பெயர்ந்துபோகும். அப்படிப் போன வலையை மீனவரின் குப்பை என்று எழுதுவது, வீட்டில் வெள்ளம் புகுந்தவனிடம் நீர்வரி கேட்பதற்கு ஒப்பாகும்.

மறைக்கத் தேவையில்லாத ஓர் உண்மையும் உண்டு. கிழிந்து பயன்படாத வலையைக் கரையிலும் அலையாத்திக்குள்ளும் போட்டுவிடும் வழக்கம் மீனவ ஊர்களில் இருக்கிறது. பழைய பருத்தி வலையையும் சணல் கயிற்றையும் அப்படிப் போட்டால் மண் தின்றுவிடும். பாட்டன் செய்ததைப் பேரனும் செய்கிறான்; கையிலிருக்கும் பொருள்தான் மாறிவிட்டது.

நீண்டகரையிலிருந்து நீண்டகரை வரை

அந்தப் பொருள் எப்படி மாறியது என்பதில் இந்திய மீன்பிடித் துறையின் வரலாறே இருக்கிறது. 1952இல் ஐக்கிய நாடுகள் அவை, இந்தியா, நார்வே மூன்றும் ஒப்பந்தம் செய்து, அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகில் நீண்டகரை–சக்திகுளங்கரையில் இந்தோ–நார்வே திட்டம் தொடங்கியது. இயந்திரப் படகு, பனிக்கட்டி ஆலை, செயற்கை இழை வலை எல்லாம் அக்காலத்தில் வளர்ச்சியின் சின்னங்கள். இறாலுக்கு அமெரிக்கச் சந்தை திறந்ததும் உணவுக்கான மீன்பிடி ஏற்றுமதிக்கான மீன்பிடியாகத் திசைமாறியது. நைலான் வலை அழுகாது, இலகுவானது, நீரில் கண்ணுக்குத் தெரியாது. மீனவருக்கு அது உண்மையிலேயே வரம். உழைப்பு குறைந்தது, பிடிப்பு கூடியது. இதை மறுத்துப் பழமையைப் பாடுவது தொழிலாளி வர்க்கத்தின் பார்வையாகாது. ஆனால் அழுகாத பொருளை லட்சக்கணக்கான கைகளில் கொடுத்த அரசும் ஆலைகளும், அதன் ஆயுள் முடிந்தபின் யார் பொறுப்பு என்ற கேள்வியைக் கேட்கவேயில்லை. லாபம் விற்பனையோடு முடிந்தது. செலவு கடலடியில் தொடங்கியது.

அந்தக் கேள்விக்கு முதல் விடைகளில் ஒன்று வந்ததும் அதே நீண்டகரையிலிருந்துதான். 2017இல் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு, மீன்வளத்துறை அமைச்சர் தோழர் ஜே. மெர்சிக்குட்டி அம்மாவின் முன்முயற்சியில், சுசித்வ சாகரம் திட்டத்தைத் தொடங்கியது. வலையில் வரும் நெகிழியையும் பழைய வலைத் துண்டுகளையும் மீனவர் கடலில் திருப்பி எறியாமல் கரைக்குக் கொண்டுவருவர். அவற்றைத் தரம்பிரித்துக் கழுவி அரைக்கும் வேலை மீனவக் குடும்பப் பெண்களுக்குக் கூலி வேலையாக அமைந்தது. அரைத்த நெகிழி சாலைத் தாரில் கலக்கப்பட்டது. திட்டத்தின் அளவு சிறியது. ஆயினும் மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், படகோட்டி, சங்கம், துறைமுகம், பெண்கள் குழு, அரசு ஆகியோரை ஒரே வேலையில் கொண்டுவந்தது அதன் சிறப்பு. தமிழ்நாட்டிலும் 2024இல் சென்னை காசிமேட்டில் பழைய வலைகளை மீனவரிடமிருந்து விலைகொடுத்து வாங்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவின் அனுபவம் இன்னும் விரிவானது. முதலாளித்துவ நாட்டில் நடந்தது என்பதால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. அங்கே நீல நண்டு வளம் சரிந்தபோது 2008இல் வர்ஜீனியா மாநிலம் குளிர்கால நண்டு வாரும் தொழிலை மூடியது. வேலையிழந்த மீனவருக்குக் கூட்டரசின் பேரிடர் நிதியிலிருந்து கூலி கொடுத்து, ஒலியலைக் கருவியைப் படகில் பொருத்தி, தொலைந்த கூண்டுகளைத் தேடி எடுக்கும் பணி தரப்பட்டது. 2014 வரை 34,000க்கும் மேற்பட்ட கூண்டுகள் எடுக்கப்பட்டன. அந்த ஆறாண்டுகளில் இப்பணியால் மட்டும் நண்டுப் பிடிப்பு ஏறக்குறைய 13,500 டன் கூடியது, அதன் மதிப்பு 2 கோடியே 13 லட்சம் டாலர் என்று பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே விரிகுடாவில் ஏறத்தாழ 1,45,000 கைவிடப்பட்ட கூண்டுகள் கிடப்பதாகவும், அவை ஆண்டுக்கு 33 லட்சம் நண்டுகளைக் கொல்வதாகவும் மற்றொரு மதிப்பீடு கூறுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கூண்டுகளை எடுத்தவர்கள் தொண்டு நிறுவனத்தின் விடுமுறைத் தன்னார்வலர்கள் அல்லர். நீரோட்டமும் தரையும் அறிந்த தொழிலாளிகள், கூலிக்கு எடுத்தார்கள். அந்த உழைப்பு நண்டாகத் திரும்பி வந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் கடலில் ஆண்டுக்குச் சுமார் 12,000 நண்டுக்கூண்டுகள் தொலைகின்றன. அங்கே கூண்டின் கதவை மட்கும் பருத்திக் கயிற்றால் கட்டுவது கட்டாயம். கூண்டு தொலைந்தால் சில மாதங்களில் கயிறு இற்று, கதவு திறந்து, நண்டு வெளியேறும். சில ரூபாய்க் கயிறு ஒரு சாவுச் சுழற்சியை நிறுத்துகிறது. நம் கழிகளில் நண்டுக்கூண்டு கட்டும் கைகளுக்கு இது புதிய தொழில்நுட்பமே அல்ல.

மகாராஷ்டிர அரசு 2018 டிசம்பரில் ஒரு நல்ல கொள்கையை ஏற்றது. ஆமையோ டால்பினோ போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர் வலையில் சிக்கினால், மீனவர் வலையை அறுத்து அதை விடுவித்துச் சான்று காட்டினால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு. வலை என்பது உழைப்பாளியின் உடைமை, பொதுநலனுக்காக அதை இழப்பவருக்குப் பொதுநிதி ஈடுசெய்ய வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அதே தர்க்கத்தின் அடுத்த படி, தொலைந்த வலையை அறிவிப்பவருக்கும் பழைய வலையை ஒப்படைப்பவருக்கும் ஈடு. அந்தப் படியில் கால் வைக்க அரசு தயங்குவது பணமின்மையால் அன்று. 2020இல் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமர் மீன்வளத் திட்டத்தின் மதிப்பீடு 20,050 கோடி ரூபாய். அதன் முகப்பில் நின்ற இலக்கு, 2024–25க்குள் ஏற்றுமதியை ஒரு லட்சம் கோடிக்கு உயர்த்துவது.

வலை நூல் ஆலைகளின் பொறுப்புக்கும் இது பொருந்தும். 2022இல் ஒன்றிய அரசு வெளியிட்ட உற்பத்தியாளர் பொறுப்பு நெறிகள் பொட்டல நெகிழிக்கானவை. பிஸ்கட் உறைக்கு உற்பத்தியாளர் கணக்குக் கொடுக்க வேண்டும், மீன்வலை அக்கணக்கில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2019இன் நெகிழி ஆணையிலேயே மீன்பிடி சாதனத்தைச் சேர்த்து, 2024 முடிவதற்குள் உற்பத்தியாளர் செலவில் சேகரிப்பு ஏற்பாடு வேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்குக் கட்டளையிட்டது. இங்கே அப்படியொரு விதி வந்தால் அச்செலவை வலையின் விலையில் ஏற்றி மீனவர் தலையில் கட்ட ஆலைகள் முயலும். விலைக் கட்டுப்பாடும் கூட்டுறவு வழி விற்பனையும் இல்லாமல் இக்கோரிக்கையை எழுப்புவது பாதி வேலையே. வலைக்கு அடையாளமிடும் உணவு வேளாண் அமைப்பின் 2018 நெறிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. அடையாளம் தொலைந்த வலையை மீட்கவும் ஈடு பெறவும் பயன்பட வேண்டும். அபராதச் சீட்டுக்கு அது பயன்படுமானால் மீனவர் அடையாளத்தைத்தான் முதலில் அறுப்பர்.

இயக்கத்துக்குள்ளேயே ஒரு தயக்கம் உண்டு. வேலையின்மை, குடிசை இடிப்பு, விலைவாசி என்று ஆயிரம் நெருப்புகள் எரியும்போது நண்டுக்கு என்ன என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானது. ஆனால் காட்கோபரின் சேடா நகரிலிருந்து தாணேவரை நீளும் விரைவுச் சாலைக்கு அலையாத்தி வெட்டப்படவிருப்பதும், முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளின் 255.9 ஏக்கர் உப்பள நிலம் அதானி குழுமம் நடத்தும் தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தின் வாடகை வீடுகளுக்கென ஒதுக்கப்பட்டதும் இதே கரையில்தான். தாராவியில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த திருநெல்வேலித் தோல் தொழிலாளியைத் தகுதியில்லாதவர் என்று முத்திரை குத்திக் கழியோரம் தள்ளும் கையும், கழியின் மீனவரை மெல்ல வெளியேற்றும் கையும் வேறுவேறல்ல. நண்டு குறைந்தால் கோலிப் பெண்ணின் கூடை காலியாகும். தொழில் செத்த கரையை இனி மீனவர் தேவையில்லாத கரை என்று அறிவிப்பது எளிது.

அதற்கு மறுபக்கமும் உள்ளது. 2015 பிப்ரவரி 27 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உரண் பகுதியில் துறைமுக விரிவாக்கத்தால் அலையாத்தியும் மீன்வளமும் அழிந்ததற்காக 1,630 பாரம்பரிய மீனவக் குடும்பங்களுக்கு 95.19 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. கழியின் உயிர்வளம் மீனவரின் சொத்து, அதை அழித்தவர் விலைகொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு அவ்வாணையில் நிலைபெற்றது. மீனவர்களே தங்கள் அலையாத்திக்காகவும் பிடிப்புக்காகவும் வழக்காடி வென்றது அது.

காட்கோபர், செம்பூர், மான்குர்து கிளைகளுக்கு இதில் செய்வதற்கான வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தேவ்னாரில் குப்பை பொறுக்கும் தொழிலாளிகளும் டிராம்பேயின் மீனவர்களும் இன்று ஒருவரையொருவர் அறியாத இரு தொழிலாளர் பகுதிகள். பழைய நைலானுக்கு விலை உண்டு என்பதைக் காயலான் கடைக்காரர் அறிவார். இழை கலந்த, சேறு படிந்த வலையை மட்டும் அவரும் வாங்குவதில்லை. அதைச் சுத்தம் செய்து பிரிக்கும் கூட்டுறவு ஒன்றுக்கு மாநகராட்சி நிலமும் ஆரம்ப நிதியும் தர வேண்டும். மழைக்கால மீன்பிடித் தடை மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த 61 நாள்களில் வேலையின்றி இருக்கும் படகுத் தொழிலாளிகளுக்கு, புயல் இல்லாத நாளில் கழியின் உட்பகுதியிலும் அலையாத்தி ஓரங்களிலும் வலைக் குவியல் எடுக்கும் பணியைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படியான நாட்கூலியுடன் வழங்க வேண்டும் என்பது உடனடிக் கோரிக்கை. அலையாத்திக்குள் எடுக்கும்போது இயந்திரம் கூடாது, கையால்தான் எடுக்க வேண்டும். வேர்க்கிடையில் பொதிந்த வலையை இழுத்தால் வளைகளும் பெயர்ந்துவிடும். எடுத்த வலையில் உயிரோடிருக்கும் நண்டை, குறிப்பாக முட்டை சுமக்கும் பெண் நண்டை, அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பதையும் கூலி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.